கேம் ஆஃப் த்ரோன்ஸ்: கடைசி சீசன் சண்டை ஏன் இன்னும் ஓயவில்லை?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களை வைத்து, ஓர் அரியணைக்காக நடக்கும் போட்டியைச் சொன்ன எச்பிஓ தொலைக்காட்சித் தொடர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019 மே 19 அன்று முடிந்தது. எட்டு சீசன்கள், 73 எபிசோடுகள். கடைசி எபிசோடை அன்றிரவு அமெரிக்காவில் மட்டும் 1.93 கோடிப் பேர் பார்த்தார்கள். எச்பிஓ வரலாற்றில் அதுவரை எந்த எபிசோடுக்கும் அத்தனை கூட்டம் சேர்ந்ததில்லை. அதே நாட்களில், எட்டாவது சீசனை வேறு எழுத்தாளர்களை வைத்து மறுபடி எடுங்கள் என்று கேட்ட ஓர் இணைய மனுவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு மாதம் கழித்து, சிறந்த நாடகத் தொடர் உட்பட 12 எம்மி விருதுகள் அந்த சீசனுக்குக் கிடைத்தன.

ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றைக்கும் நான்கு ரசிகர்கள் சேர்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. டிராகன்களை வைத்திருக்கும் ராணி டேனரிஸ் தலைநகரத்தை எரித்தது சரியா? ஜேமி தன் சகோதரியும் காதலியுமான ராணி செர்சியிடம் திரும்பிப் போயிருக்கலாமா? பேய்ப்படைத் தலைவன் நைட் கிங்கை ஸ்டார்க் குடும்பத்துப் பெண் ஆர்யா கொன்றது நியாயமா? இதற்கெல்லாம் சுலபமான ஒரு விளக்கம் சொல்வார்கள்: பிடித்தவர்களுக்குக் கெட்டது நடந்தது, ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்று. இதை என்னால் ஏற்க முடியவில்லை. நெட் ஸ்டார்க்கின் தலை விழுந்த பிறகு தொடரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்ட கூட்டம் இது. கெட்டது நடந்ததற்காகக் கோபித்துக்கொண்டு போகிறவர்கள் முதல் சீசனிலேயே போயிருப்பார்கள். ஒரு கதையை எப்படி எடைபோடுவது என்று இந்தத் தொடர்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. கடைசியில் அதே அளவுகோலை எடுத்துத் தொடரை அளந்தார்கள். சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கதையின் எல்லா முடிச்சுகளும் இங்கே அவிழும். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நெட் ஸ்டார்க் சொல்லிக்கொடுத்தது

முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில், வின்டர்ஃபெல் கோட்டையின் பிரபுவான நெட் கொல்லப்படுகிறார். போஸ்டரில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் அவர். முதல் தடவை பார்க்கும்போது தூக்கிவாரிப் போடும். அப்புறம் யோசித்துப் பார்த்தால், அந்த மரணத்துக்கு அவரே படிப்படியாக நடந்து போயிருப்பது தெரியும். ராணி செர்சியின் பிள்ளைகள் அவள் கணவன் ராஜா ராபர்ட்டுக்குப் பிறந்தவர்கள் அல்ல என்று கண்டுபிடித்ததும், அதை அவளிடமே போய்ச் சொல்லி, பிள்ளைகளோடு தப்பித்துப் போக அவகாசம் கொடுக்கிறார். ராபர்ட் சாகக் கிடக்கும்போது, பிள்ளைகளை இப்போதே நம் கைக்குள் கொண்டுவந்துவிடுவோம் என்று ராஜாவின் தம்பி ரென்லி சொல்கிறான், மறுத்துவிடுகிறார். நம்பக் கூடாது என்று தன் வாயாலேயே எச்சரித்த அரசவைச் சூழ்ச்சிக்காரன் லிட்டில்ஃபிங்கரை நம்புகிறார். ஒவ்வொரு முடிவும் நல்ல மனிதனின் முடிவு. எல்லாம் சேர்ந்து அவரை வெட்டுமேடைக்குக் கொண்டுபோகின்றன.

நெட்டின் மூத்த மகன் ராப் ஸ்டார்க்கின் கதையும் அப்படியே. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும் என்பதற்காக வால்டர் ஃப்ரேயின் மகளைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுக்கிறான். காதலித்தவளைக் கட்டிக்கொண்டு வாக்கை மீறுகிறான். தன் பேச்சை மீறிக் கைதிச் சிறுவர்களைக் கொன்ற கார்ஸ்டார்க் பிரபுவுக்கு நீதிப்படி மரண தண்டனை கொடுக்கிறான். அந்தக் குலத்தின் படை விலகிப் போகிறது. குறைந்துபோன படையை ஈடுகட்ட, அவமானப்படுத்திய அதே ஃப்ரே வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வீட்டுத் திருமண விருந்தில் ராப் கொல்லப்படும் ரெட் வெடிங் காட்சி 2013 ஜூன் 2 அன்று ஒளிபரப்பானபோது உலகமே அலறியது உண்மைதான். ஆனால் 'இது எப்படி நடக்கும்' என்று யாரும் கேட்கவில்லை. எப்படி நடந்தது என்பது அந்த சீசன் முழுக்கக் கண்முன்னே கிடந்தது.

பெரிய மரணங்களில் மட்டும் இந்த ஒழுங்கு இருந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் எபிசோடில் ராஜாவின் கூட்டம் தலைநகரிலிருந்து வின்டர்ஃபெல்லுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகிறது. செர்சி அதைச் சொல்லிச் சலித்துக்கொள்கிறாள். அரசாங்கத்துக்குக் கடன் இருக்கிறது, அந்தக் கடனுக்கு வட்டி கேட்டு ஒரு வங்கி வருகிறது. இரண்டாவது சீசனில் போரால் உணவு வரத்து நின்றதும் தலைநகரான கிங்ஸ் லேண்டிங்கின் மக்கள் தெருவில் ராஜாவின் முகத்திலேயே சாணத்தை வீசுகிறார்கள். கலவரம் வெடித்து மதகுரு ஒருவரைக் கூட்டமே பிய்த்துப் போடுகிறது. தூரம், பணம், பசி எல்லாவற்றுக்கும் கதையில் கனம் இருந்தது. டிராகன் இருக்கும் உலகத்தை நாம் நம்பியது இந்தக் கனத்தால்தான்.

காசில்லாத காலத்து எழுத்து

ஆரம்ப சீசன்களைப் பற்றிப் பேசும்போது பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் சீசனில் சில எபிசோடுகள் தேவையான நேரத்தைவிட நீளம் குறைவாக வந்துவிட்டன. செலவில்லாமல் நிமிடங்களை நிரப்ப வேண்டிய கட்டாயம். அதனால் தயாரிப்பாளர்கள் டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும் நூலில் இல்லாத, ஓர் அறையில் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிகளை எழுதினார்கள். ராபர்ட்டும் செர்சியும் தங்கள் பாழாய்ப்போன திருமணத்தைப் பற்றி மது குடித்துக்கொண்டே முதல்முறையாக மனம்விட்டுப் பேசுவார்களே, அந்தக் காட்சி அப்படிப் பிறந்ததுதான். தொடரின் ஆகச் சிறந்த காட்சிகளுள் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். நானும் சொல்வேன். அதே சீசனில் ஒரு பெரிய போரை எடுக்கப் பணமில்லை. செர்சியின் தம்பி டிரியன் தலையில் அடிபட்டு மயங்கி விழுவான், கண் விழிக்கும்போது போர் முடிந்திருக்கும்.

ஆகவே 'நூல் இருந்தவரை நன்றாக எழுதினார்கள், நூல் தீர்ந்ததும் எழுதத் தெரியவில்லை' என்ற வழக்கமான குற்றச்சாட்டு பாதிதான் உண்மை. நூலில் இல்லாததையும் அவர்கள் அற்புதமாக எழுதியிருக்கிறார்கள். மனிதர்கள் எதை விரும்புகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது தெளிவாக இருந்தவரை இருவர் பேசும் அறை ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நூல் தீர்ந்துபோனதன் பாதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் முதல் நூலை 1996-ல் வெளியிட்டார். மூன்றாவது 2000-ல் வந்தது. நான்காவதுக்கு ஐந்து ஆண்டு, ஐந்தாவதுக்கு இன்னும் ஆறு ஆண்டு. தொடர் 2011 ஏப்ரலில் தொடங்க, ஐந்தாவது நூல் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. ஆறாவதுக்காக வாசகர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். தொடர் காத்திருக்க முடியாது. 2013-ல் பெனியாஃபும் வைஸும் சாண்டா ஃபேயில் மார்ட்டின் வீட்டுக்குப் போய், யாருடைய கதை எங்கே முடியும் என்று கேட்டு வாங்கி வந்தார்கள்.

எழுத்தாளர்களில் கட்டடக்காரர்கள் ஒரு வகை, தோட்டக்காரர்கள் இன்னொரு வகை என்று மார்ட்டின் சொல்வதுண்டு. முதல் வகையினர் வரைபடம் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். இரண்டாம் வகையினர் விதையைப் போட்டு, வளர்வதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். தான் தோட்டக்காரன் என்பார். அப்படிப்பட்டவரிடம் போய் முடிவை மட்டும் கேட்டு வாங்கினால் என்ன கிடைக்கும்? போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயர் கிடைக்கும். வழி கிடைக்காது, ஏனென்றால் வழியை அவரே இன்னும் நடந்து பார்க்கவில்லை. அன்று கிடைத்தவற்றில் அரியணைக்குப் போரிடும் ஸ்டானிஸின் மகள் ஷிரீன் எரிக்கப்படுவது ஒன்று, ஸ்டார்க் வீட்டு வேலைக்காரன் ஹோடோரின் பெயருக்குள் இருக்கும் ரகசியம் இன்னொன்று, கதையின் கடைசியில் நடக்கும் ஒன்று மூன்றாவது. ஹோடோரின் காட்சி எல்லோரையும் அழவைத்தது. அதற்கான தயாரிப்பு அந்தப் பெயருக்குள்ளேயே முதல் சீசனிலிருந்து இருந்தது. ஷிரீன் விஷயத்தில் ரசிகர்கள் பிளந்தார்கள்.

ஐந்தாவது சீசனில் இன்னொரு பெரிய முடிவெடுத்தார்கள். நூலில் கொடூரனான ராம்சே போல்டனுக்குக் கட்டிவைக்கப்படுவது ஜெய்ன் பூல் என்ற சின்னக் கதாபாத்திரம். ஆர்யா என்று பொய் சொல்லி அனுப்பப்படுகிறவள். தொடரில் அந்த இடத்தில் நெட்டின் மகள் சான்சாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். நூற்றுக்கணக்கான கதாபாத்திரங்களைத் தொலைக்காட்சியில் தாங்க முடியாது, தெரிந்த முகத்தைப் பயன்படுத்துவது சிக்கனம் என்பது புரிகிறது. ஆனால் ஏழு ராஜ்ஜியத்தின் எல்லா ரகசியமும் தெரிந்த லிட்டில்ஃபிங்கர், தன்னிடம் இருப்பதிலேயே விலைமதிப்பில்லாத காயை ராம்சேயைப் பற்றி எதுவுமே விசாரிக்காமல் ஒப்படைக்கிறான். திருமண இரவின் வன்முறையைப் பார்த்து அமெரிக்க செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் இனி பார்க்கப் போவதில்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். அந்தக் கோபம் நியாயமானது. கதை ரசிகர்களின் உறுத்தலோ கூடுதலாக இன்னொன்று: இங்கே ஒரு மனிதன் தன் இயல்புப்படி நடக்கவில்லை, கதைக்குத் தேவைப்பட்ட இடத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கிறான்.

விளைவு இல்லாத வெடிப்பு

ஆறாவது சீசனின் கடைசி எபிசோடில் செர்சி 'காட்டுத்தீ' என்ற பச்சை வெடிதிரவத்தை வைத்து பேலரின் ஆலயத்தைத் தகர்க்கிறாள். ரமின் ஜவாதியின் பியானோ இசையோடு நகரும் அந்த முதல் இருபது நிமிடம் தொலைக்காட்சியில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த காட்சித்தொகுப்புகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலைமை மதகுரு, ராணி மார்ஜரி, அவள் தந்தை, அண்ணன், இன்னும் எத்தனையோ பேர் ஒரே நொடியில் சாம்பல். செர்சி சிம்மாசனம் ஏறுகிறாள்.

சரி, அப்புறம் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ரொட்டி கிடைக்காததற்கே கலவரம் செய்த நகரம் அது. முந்தைய சீசனில் மதப்படை ஒன்று எழுந்து, மக்கள் ஆதரவோடு ராணியையே நிர்வாணமாகத் தெருவில் நடத்தியது. அந்த மக்களின் மிகப் புனிதமான ஆலயம், அவர்கள் தலைவணங்கிய குரு, அவர்கள் நேசித்த இளம் ராணி எல்லாம் போன பின்பும் ஏழாவது சீசனில் தெருவிலிருந்து ஒரு குரல்கூட எழவில்லை. என்னைக் கேட்டால், தொடர் தன் ஒழுங்கை முதன்முதலில் முழுசாகக் கைவிட்ட இடம் இதுதான். காட்சி அவ்வளவு அழகாக இருந்ததால் அன்று யாரும் கவனிக்கவில்லை.

2019 மே மாதம் சமூகவியலாளர் ஸெய்னெப் துஃபெக்சி 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் இணையதளத்தில் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல பெயர் கொடுத்தது. ஆரம்பத்தில் தொடர் சமூகவியல் முறையில் கதை சொன்னது. நிறுவனங்களும் சூழலும் மனிதர்களை எப்படி வளைக்கின்றன என்று காட்டியது. பிற்பாடு தனிமனிதர்களின் உளவியலுக்குள் சுருங்கிவிட்டது என்பது அவர் வாதம். நாயகனையே கொன்றாலும் கதை தொடர்ந்து நடந்தது முதல் முறையால்தான். இரண்டாம் முறைக்கு மாறிவிட்டால் நாயகர்கள் சாக முடியாது. ஏழாவது சீசனில் ரசிகர்கள் 'ப்ளாட் ஆர்மர்' (கதைக்குத் தேவை என்பதால் நாயகர்களுக்கு ஆபத்தே வராது) என்று அலுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவே.

அந்த சீசனின் ஆறாவது எபிசோடைப் பாருங்கள். உறைந்த ஏரிக்கு நடுவே ஸ்டார்க் வீட்டில் வளர்ந்த ஜான் ஸ்னோவும் கூட்டாளிகளும் மாட்டிக்கொள்கிறார்கள். கென்ட்ரி ஓடிப்போய்க் கோட்டையை அடைந்து, அங்கிருந்து காகம் பறந்து டிராகன்ஸ்டோனுக்குச் சேதி போய், டேனரிஸ் டிராகனில் ஏறி வடகோடிக்கு வந்து சேர்கிறாள். ஏரியில் இருப்பவர்களுக்கு இடையில் ஓர் இரவு கழிந்த மாதிரிதான் தெரிகிறது. ஒரு மாதப் பயணத்தில் தொடங்கிய தொடர் இது. டிராகன் இருக்கிற கதையில் காகத்தின் வேகம் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. டிராகன் இருப்பதால்தான் காகம் காகமாக இருந்தாக வேண்டும். மற்றதெல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த ஒரு மாயத்தை நம்ப முடியும்.

நைட் கிங் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நூலில், பனியிலிருந்து வரும் பேய்க்கூட்டமான ஒயிட் வாக்கர்களுக்கு இப்படி ஒரு தலைவன் கிடையாது. பழங்கதை ஒன்றில் ஒரு பெயர் வருகிறது, அவ்வளவே. அந்த அபாயத்தைப் பருவநிலை மாற்றத்தோடு ஒப்பிட்டு மார்ட்டினே பேசியிருக்கிறார்: பிரபுக்கள் நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருக்க, எல்லோரையும் அழிக்க வருகிற ஒன்று. தொலைக்காட்சிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. முகம் வந்ததும் அதை ஒரே குத்தில் முடித்துவிடலாம் என்ற வசதியும் கூடவே வந்தது. முதல் எபிசோடின் முதல் காட்சியில் தொடங்கிய அச்சம், 2019 ஏப்ரல் 28 அன்று 82 நிமிட எபிசோடில் ஆர்யாவின் கத்தியால் தீர்ந்துபோனது. ஆர்யா கொன்றதில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு அந்தப் பயிற்சி இருந்தது. ஆனால் சூனியக்காரப் பூசாரி மெலிசாண்ட்ரே, ஆர்யா மூடப்போகும் கண்கள் என்று மூன்றாவது சீசனில் சொன்ன வரிசையில் கடைசியாக இருந்தது பச்சை. எட்டாவது சீசனில் அதே வாக்கைத் திரும்பச் சொல்லும்போது நீலம் கடைசிக்கு வந்துவிட்டது. முன்பே விதைத்ததுபோல் காட்டுவதற்காகப் பின்னால் வந்து மாற்றிய தடம் அது. ரசிகர்கள் இதையெல்லாம் கண்டுபிடிப்பார்கள். எட்டு ஆண்டாக அப்படிப் பார்க்கத்தானே பழகியிருக்கிறார்கள்!

டேனரிஸ்

கிங்ஸ் லேண்டிங் சரணடைந்து மணி அடிக்கிறது. டேனரிஸ் கோட்டைச் சுவரில் டிராகன் மேல் உட்கார்ந்திருக்கிறாள். வென்றாகிவிட்டது. அவள் முகம் மாறுகிறது. தெருத்தெருவாக எரிக்கத் தொடங்குகிறாள். 2019 மே 12 அன்று வந்த இந்த எபிசோடில் ரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது, இன்றும் ஒட்டவில்லை.

'எல்லாம் முன்னாடியே சொல்லப்பட்டது' என்பது ஒரு கட்சி. அவர்கள் பக்கம் ஆதாரம் நிறையவே இருக்கிறது. முதல் சீசனிலேயே சூனியக்காரியை உயிரோடு சிதையில் கட்டி எரித்தாள். அஸ்டபோரில் அடிமை வியாபாரிகளை எரித்தாள். மீரீனில் 163 குழந்தைகள் சிலுவையில் அறையப்பட்டதற்குப் பதிலாக 163 எஜமானர்களை அறைந்தாள். டோத்ராக்கித் தலைவர்களை அவர்கள் கூடியிருந்த கோயிலிலேயே எரித்தாள். மண்டியிட மறுத்த டார்லி தந்தையையும் மகனையும் எரித்தாள். இரண்டாவது சீசன் தரிசனத்தில் சிதைந்த அரியணை மண்டபத்தில் வெள்ளையாக ஏதோ பொழிந்துகொண்டிருந்தது. பனி என்று நினைத்தோம், சாம்பலாகவும் இருக்கலாம். அவள் தந்தையே 'எல்லோரையும் எரியுங்கள்' என்று கத்திய ராஜா.

'இது திடீர்த் திருப்பம்' என்பது மறுகட்சி. சங்கிலியை உடைத்தவள், அடிமைகளால் தாய் என்று அழைக்கப்பட்டவள், சரணடைந்த ஏழைகளை எரிக்க ஒரு காரணமும் இல்லை என்கிறார்கள். அவள் இதுவரை எரித்தவர்கள் எல்லோரும் ஆயுதமோ அதிகாரமோ வைத்திருந்தவர்கள். அப்பாவிக் குழந்தை ஒன்றை டிராகன் கொன்றுவிட்டது என்பதற்காக மற்ற இரண்டு டிராகன்களைத் தன் கையாலேயே சங்கிலியில் கட்டியவள் அவள்.

இரு கட்சியுமே சரியாகத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். முடிவு சரி. விதைகளும் இருந்தன. பிரச்சினை, அந்த விதைகளைத் தொடர் நமக்குக் காட்டிய விதத்தில் இருக்கிறது. அஸ்டபோரில் நெருப்பு எழும்போது இசை கொண்டாடியது. கேமரா அவளைத் தேவதையாகக் கீழிருந்து பார்த்தது. நாமும் கைதட்டினோம். கடைசி எபிசோடில் டிரியன் ஜானிடம் இதையே சொல்கிறான்: போகுமிடமெல்லாம் கெட்டவர்கள் செத்தார்கள், நாம் ஆரவாரம் செய்தோம், தான் செய்வது சரி என்ற நம்பிக்கை அவளுக்கு வளர்ந்துகொண்டே போனது என்கிறான். அருமையான வசனம். பார்வையாளர்களையும் குற்றத்தில் பங்காளிகளாக்கும் கதை அது. ஆனால் அந்தக் கதையை எட்டு ஆண்டு சொல்லிக் காட்டியிருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் சிறைக்குள் ஓர் ஆள் விளக்கவுரையாகச் சொல்கிறான்.

இதைச் சொல்லத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். நான்காவது சீசனில் ஒரு காட்சி உண்டு. 163 எஜமானர்களை அறைந்த பிறகு, ஹிஸ்தார் ஸோ லொராக் என்ற இளைஞன் அவளைப் பார்க்க வருகிறான். குழந்தைகளைக் கொல்லக் கூடாது என்று எதிர்த்துப் பேசிய பிரபு ஒருவர் இருந்தார், அவரையும் சிலுவையில் அறைந்துவிட்டீர்கள், அவர் என் தந்தை, உடலை இறக்கி அடக்கம் செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்கிறான். டேனரிஸின் முகத்தில் ஒரு நொடி எதுவும் ஓடாது. இசை இல்லை, ஆரவாரம் இல்லை. நீதி என்று அவள் நம்பியது எதிரே மனித உருவில் நிற்கிறது. ஏழாவது சீசனில் இப்படி நாலைந்து காட்சிகள் இருந்திருந்தால் அந்த மணியோசையை நாம் வேறு மாதிரி கேட்டிருப்போம்.

நூலில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கதாபாத்திரத்தின் மனசுக்குள்ளிருந்து சொல்லப்படுகிறது. ஐந்தாவது நூலில் டேனரிஸின் கடைசி அத்தியாயத்தில், புல்வெளியில் காய்ச்சலோடு அலைகிறவள், மரம் நட்டு அமைதியாக ஆளப் பார்த்தது டிராகனின் வேலை அல்ல என்ற முடிவுக்கு வருவதை நாம் கூடவே இருந்து கேட்கிறோம். தொடரில் அந்த வசதி இல்லை. எமிலியா கிளார்க்கின் முகம் மட்டுமே உண்டு. அவர் அதில் எவ்வளவோ செய்திருக்கிறார். ஆனால் எரிக்கத் தொடங்கிய பிறகு, அந்த எபிசோட் முடியும்வரை அந்த முகமும் காட்டப்படவில்லை. இயக்குநர் மிகேல் சபோச்னிக் நம்மைத் தெருவில், ஆர்யாவோடு, புழுதிக்குள் நிறுத்திவிட்டார். மேலே இருப்பது வெறும் டிராகன். எரிக்கப்படுகிறவர்களின் பக்கம் நின்று பார்க்க வைத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதற்கான விலையையும் கொடுக்க வேண்டியதாயிற்று: கதையின் மிகப் பெரிய முடிவை எடுத்தவளின் மனசு அந்த நேரத்தில் நமக்குக் கிடைக்காமல் போனது. அரண்மனையைப் பார்த்ததும் தன் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டதெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது என்று தயாரிப்பாளர்கள் எபிசோடுக்குப் பிந்தைய பேட்டியில் விளக்கினார்கள். அப்படியானால் அரண்மனைக்குத்தானே நேராகப் போயிருக்க வேண்டும், தெருக்களுக்கு ஏன் என்ற ரசிகர்களின் கேள்விக்குத் திரையில் பதில் இல்லை.

அதற்கு முந்தைய எபிசோடில், செர்சியின் கூட்டாளி யூரானின் கப்பல்கள் மறைந்திருந்து ஒரு டிராகனை வீழ்த்துகின்றன. டேனரிஸ் அந்தக் கப்பற்படையைக் கொஞ்சம் மறந்துவிட்டாள் என்று பெனியாஃப் விளக்கம் சொன்னார். போன சீசனில்தான் அதே கப்பற்படை அவளுடைய கூட்டாளிகளை நடுக்கடலில் அழித்தது. ரசிகர்கள் இந்த விளக்கத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

என்னை அதிகம் வருத்தியது ஜேமி. செர்சியிடம் அவன் திரும்பிப் போனதில் தவறே இல்லை. மனிதர்கள் திருந்தியும் வழுக்குவார்கள். நூலில் அவள் உதவி கேட்டு எழுதிய கடிதத்தை நெருப்பில் போடச் சொன்னவன் என்பதால் வாசகர்களுக்கு வலி கூடுதல், அதுவும் இருக்கட்டும். அப்பாவி மக்களைப் பற்றி எனக்கு ஒருபோதும் பெரிய அக்கறை இருந்ததில்லை என்று கடைசியில் ஒரு வசனம் பேசுகிறான். மூன்றாவது சீசனில், குளியல் தொட்டியில், டேனரிஸின் தந்தையான ராஜாவை ஏன் கொன்றேன் என்று பிரையன் என்ற பெண் வீரரிடம் சொன்னவன் இவன்தான்: நகரத்தையே காட்டுத்தீயால் எரிக்கச் சொன்னான், லட்சக்கணக்கான மக்களைக் காப்பாற்றவே கொன்றேன், அதற்காக வாழ்நாள் முழுக்க ராஜத் துரோகி என்ற பெயரைச் சுமக்கிறேன் என்றான். அவன் காப்பாற்றிய அதே நகரம் அவன் கண்ணெதிரே எரிகிறது, தரைக்கடியிலிருந்து காட்டுத்தீயின் பச்சைச் சுவாலைகள்கூட எழுகின்றன. இவ்வளவு பெரிய சோகம் எதிரே வந்து நின்றும், அதைப் பார்க்க ஜேமிக்கு ஒரு காட்சி கொடுக்கவில்லை.

ஏன் ஆறே எபிசோட்?

முதல் ஆறு சீசன்களில் தலா பத்து எபிசோடுகள். ஏழில் ஏழு, எட்டில் ஆறு. ஸ்டார் வார்ஸ் படம் எடுக்கும் அவசரத்தில் பெனியாஃபும் வைஸும் சுருக்கிவிட்டார்கள் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். இது காலக்கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஸ்டார் வார்ஸ் அறிவிப்பு வந்தது 2018 பிப்ரவரியில். ஆறாவது சீசனுக்குப் பிறகு இன்னும் பதின்மூன்று எபிசோட்தான் மீதி என்று அவர்கள் சொன்னது 2016-ல். (2019 அக்டோபரில் அந்தப் படத்திலிருந்தும் விலகிவிட்டார்கள்.) அதே நேரத்தில், எச்பிஓ இன்னும் கூடுதல் எபிசோடுகளுக்குத் தயாராகவே இருந்தது, மார்ட்டினும் கூடுதல் சீசன்களை விரும்பினார். ஆகவே இது தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே, தெரிந்தே எடுத்த முடிவு.

அதற்குக் காரணங்களும் இருந்தன. ஒவ்வொரு போரும் முந்தையதை மிஞ்ச வேண்டியிருந்தது. வின்டர்ஃபெல் போருக்கு மட்டும் வட அயர்லாந்தின் குளிரில் 55 இரவுகள் வெளிப்புறப் படப்பிடிப்பு நடந்தது. அப்படி எடுத்தால் ஆண்டுக்குப் பத்து எபிசோட் முடியாது. காசில்லாத காலத்தில் போரை விட்டுவிட்டுப் பேச்சை எடுத்தார்கள். காசு வந்த காலத்தில் போரை எடுத்துவிட்டுப் பேச்சை விட்டார்கள். சான்சாவையும் ஆர்யாவையும் கூப்பிட்டு, ஜான் யாருடைய பிள்ளை என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சைக் கேட்க ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜான் அவர்கள் தம்பி பிரானிடம் 'நீ சொல்' என்கிறான், காட்சி வெட்டப்படுகிறது.

கடைசி எபிசோடில் பிரான் ராஜாவாவது மார்ட்டினிடமிருந்து வந்த முடிவு என்று அந்த வேடத்தில் நடித்த ஐசக் ஹெம்ஸ்டெட் ரைட் சொல்லியிருக்கிறார். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதே சபையில் வடக்குக்கு மட்டும் சுதந்திரம் வேண்டும் என்று சான்சா கேட்கிறாள், கிடைக்கிறது. தன் தீவுகளுக்குச் சுதந்திரம் தருவதாக டேனரிஸிடம் பேசி முடித்திருந்த இரும்புத் தீவுகளின் தலைவி யாரா பக்கத்திலேயே உட்கார்ந்து வாய் திறக்கவில்லை. டோர்னின் இளவரசனும் அப்படியே. முதல் சீசனில் இப்படி ஒரு சபை கூடியிருந்தால் அந்த இடத்திலேயே அடுத்த போர் தொடங்கியிருக்கும்.

முடிந்த நூலிலும் அதே சண்டை

நூல் முழுதாகக் கையில் இருந்தால் இந்தச் சிக்கலெல்லாம் வராது என்று நினைத்தவர்களுக்கு, டேனரிஸின் முன்னோர்கள் கதையைச் சொல்லும் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' வேறு மாதிரி பதில் சொன்னது. 2022 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் தொடரின் மூலம், மார்ட்டின் 2018-ல் வெளியிட்ட 'ஃபயர் அண்ட் பிளட்'. அது ஒரு வரலாற்று நூல் மாதிரி எழுதப்பட்டது. ஒரு விதூஷகன் ஒன்று சொல்வான், ஒரு மதகுரு வேறொன்று சொல்வார், வரலாற்றாசிரியர் இரண்டையும் பதிவு செய்துவிட்டு நகர்வார். ஆகவே மாற்றங்களுக்கு நிறைய இடம் உண்டு. ரசிகர்களும் பல மாற்றங்களை வரவேற்றார்கள். நோயில் நைந்துபோன ராஜா விசேரிஸ் நூலில் இருப்பதைவிடத் தொடரில் பல மடங்கு மனதில் நிற்கிறார்.

2024-ல் வந்த இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் நிலைமை மாறியது. நூலில் ராணி ஹெலேனாவுக்கு மூன்று பிள்ளைகள். கொலைகாரர்கள் வந்து, இரண்டு மகன்களில் யார் சாக வேண்டும் என்று நீயே சொல் என்கிறார்கள். அவள் சின்னவன் மேலோரின் பெயரைச் சொல்கிறாள். அவர்கள் பெரியவனைக் கொன்றுவிட்டுப் போகிறார்கள். அம்மா உன்னைக் கொல்லச் சொன்னாள் என்பதைக் கேட்டுவிட்ட பிள்ளையின் முகத்தில் இனி அவளால் விழிக்க முடியாது. தொடரில் மேலோர் இல்லை. ஓர் ஆண், ஒரு பெண் என்று இரட்டையர் மட்டும். எது பையன் என்று கேட்கிறார்கள், அவள் காட்டுகிறாள். கொடூரம்தான், ஆனால் அவள் தேர்ந்தெடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

செப்டம்பரில் மார்ட்டினே தன் வலைப்பதிவில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சீக்கிரமே அந்தப் பதிவு நீக்கப்பட்டது. சின்னக் குழந்தையை வைத்துப் படமெடுக்கும் சிரமமும் செலவும் காரணமாகச் சொல்லப்பட்டதைக் குறிப்பிட்டுவிட்டு, அவர் பின்னால் வரப்போவதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நூலில் மேலோர் பிற்பாடு ஒரு கும்பலின் கையில் சிக்கிச் சாகிறான். ஹெலேனாவின் மரணமும், அதையடுத்துத் தலைநகரில் வெடிக்கும் கலவரமும் அந்தச் சங்கிலியில் வருகின்றன. ஒரு குழந்தையை எடுத்துவிட்டால் இவையெல்லாம் எதன்மேல் நிற்கும் என்பதுதான் அவர் கேள்வி. கேம் ஆஃப் த்ரோன்ஸ் ரசிகர்கள் 2019-லிருந்து கேட்டுவந்ததும் அதே கேள்வியே. ஹெலேனா சாகத்தான் போகிறாள், தலைநகரம் எழத்தான் போகிறது. நான்கு சீசன்களோடு முடியும் என்று அறிவிக்கப்பட்ட தொடரில், மேலோர் இல்லாமல் அந்த இரண்டுக்கும் போதுமான காரணத்தை எழுத்தாளர்கள் புதிதாகக் கட்டியெழுப்பியாக வேண்டும்.